சீலனுக்கு முன்னால்

ஆகஸ்ட் 1, ஈப்போ

இன்றிலிருந்து அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடலாம். ஆகஸ்ட் பிறந்த பிறகுதான் ஓர் அணி இன்னோர் அணியின் ஓட்டக்காரனை வெளிப்படையாகப் பேசி எடுக்கலாம் என்பது சைக்கிள் பந்தயத்தின் விதி. ஆண்டு முடியும்வரை எல்லாரும் பழைய ஜெர்சியில்தான் ஓடுவோம். அதற்குள் யார் மனசு எந்த ஜெர்சிக்கு மாறிவிட்டது என்பது வெளியே தெரியாது.

காலையில் சிம்பாங் பூலாய் ஏற்றத்தில் பயிற்சி. அணியில் எட்டுப் பேர். எட்டுப் பேர் ஜெர்சியின் முதுகுப் பையிலும் கைப்பேசி. ஒன்றுக்குப் போக ஒதுங்குகிறவனும் அதை எடுத்துக்கொண்டுதான் ஒதுங்குகிறான். என்னுடையது ஒரே ஒருமுறை அடித்தது. பரிமளா. வரும்போது மீன் வாங்கி வரச் சொன்னாள்.

ஆகஸ்ட் 4

நிர்வாகி சூசை சார் எல்லாரையும் பசியாற அழைத்தார். அவரே காசு கொடுத்து நாசி லெமாக் வாங்கி வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"நமக்குக் காசு குடுக்கற டயர் கம்பெனி அடுத்த வருசம் இல்லப்பா" என்றார். "நான் ரெண்டு மாசமா அலைஞ்சு பாத்துட்டேன். வேற யாரும் கெடைக்கல. அவங்கவங்க எடம் பாத்துக்குங்க. என்னால ஆனத செய்றேன்."

அதன் பிறகும் சாப்பிட்டது நான் மட்டும்தான். பசி.

வெளியே வந்ததும் சீலன் என் தோளில் கைபோட்டான். "நம்ம ரெண்டு பேரும் எங்க போனாலும் ஒண்ணாத்தான்ணே. அத மட்டும் மறந்துறாதீங்க."

சத்தியசீலன் எங்கள் அணியின் ஸ்பிரிண்ட் ஓட்டக்காரன். என்னைவிட ஐந்து வயது இளையவன். எட்டு ஆண்டாக நான் செய்துவரும் வேலை இதுதான்: பந்தயத்தின் கடைசி இரண்டு கிலோமீட்டரில் அவனுக்கு முன்னால் ஓடுவேன். காற்று முழுவதும் என் மேல் மோதும். அவன் என் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு, காற்றில்லாத இடத்தில், காலைச் சேமித்துக்கொண்டு வருவான். கோட்டுக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது நான் விலகுவேன், அவன் பாய்வான். பத்திரிகைப் படங்களில் கையை உயர்த்திக்கொண்டு அவன் இருப்பான். அதே படத்தில் பின்னால், கலங்கலாக, தலை தொங்கிப்போய் ஓர் உருவம் தெரியும். அது நான். எனக்கு இதில் குறை இல்லை. ஜெயிக்கிற கால் வேறு, இழுக்கிற கால் வேறு.

ஆகஸ்ட் 9

மழை. வீட்டுக்குள்ளேயே மிதித்தேன். கடைசியில் இடது கால் கொஞ்சம் மரத்தது. சீட்டு உயரமாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 13, கோலகங்சார்

ஒருநாள் பந்தயம். சீலன் மூன்றாவது. ஜெயிக்க வேண்டியது.

கடைசி நேர்ப்பாதையில் சீலன் கொஞ்சம் சீக்கிரம் பாய்ந்துவிட்டான். கோட்டுக்கு முன்பே கால் தீர்ந்துபோய், மூவார் அணியின் தாய்லாந்துக்காரன் சோம்சாய் அவனைத் தாண்டினான். போன வருடம் இதே சோம்சாய் தோளால் இடித்ததில்தான் சீலன் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து அந்தப் பெயரைச் சொன்னாலே இவனுக்கு முகம் மாறிவிடும்.

"என் தப்புதாண்ணே. அவசரப்பட்டுட்டேன்" என்றான்.

"பரவால்ல விடு" என்றேன்.

எங்கள் மெக்கானிக் பாங் ஹாலிம் என் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலே மலாயில் சொன்னார்: "நீ பெட்ரோல் கடைக்குப் பக்கத்துலயே நின்னுட்ட. அங்கேருந்து கோட்டுக்கு நானூறு மீட்டர் இருக்கும். அவன் வேற என்ன செய்வான்?"

ஹாலிமுக்கு வயதாகிறது. தூரம் சரியாகத் தெரியவில்லை போலும்.

ஆகஸ்ட் 19

மாலையில் சீலன் வீட்டுக்கு வந்தான். கையில் பிரியாணிப் பொட்டலங்கள், முகம் முழுக்கச் சிரிப்பு. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே கத்தினான்.

"அண்ணி! பெல்ஜியம்!"

பெல்ஜியத்தில் ஓர் அணி. உச்சத்தில் இருக்கும் அணிகளுக்கு அடுத்த வரிசையில் இருப்பது. ஐரோப்பா முழுக்க ஓடுகிறவர்கள். நம் நாட்டிலிருந்து இதுவரை யாரையும் அவர்கள் எடுத்ததில்லை. சீலன் தாய்லாந்தில் ஜெயித்த காணொளிகளைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு வருட ஒப்பந்தம்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா? நான் தனியா வர மாட்டேன், எனக்கு முன்னால ஓடற ஆள் ஒருத்தர் இருக்காரு, அவரையும் சேத்து எடுத்தாத்தான் வருவேன்னு சொல்லிட்டேன்."

"அவங்க என்னா சொன்னாங்க?" என்று பரிமளா கேட்டாள்.

"பாக்கறோம்னாங்க. கண்டிப்பா எடுப்பாங்க அண்ணி. அண்ணன் இல்லாம நான் என்னாத்த ஜெயிக்கிறது?"

மகள் யாழினிக்குப் பனி பார்க்க வேண்டுமாம். சீலன் அவளைத் தூக்கிச் சுற்றினான். பரிமளா கைப்பேசியில் பெல்ஜியத்தின் ஜனவரிக் குளிரைப் பார்த்துவிட்டு, "ஐயோ" என்றாள். ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நானும் சிரித்தேன்.

சீலன் போனபிறகு பரிமளா என் கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் தாதி. ஒவ்வொரு பாதத்தையும் கையால் அழுத்திப் பார்த்தாள்.

"இடது கால் ஏங்க இவ்ளோ சில்லுன்னு இருக்கு?"

"காத்தாடிக்கு நேரா இருந்துச்சு."

"ரெண்டு காலும்தான் நேரா இருந்துச்சு" என்றாள்.

ஆகஸ்ட் 25

பரிமளா விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனோம். காடி நிறுத்த இடம் கிடைக்காமல் மூன்று சுற்று.

டாக்டர் என்னை ஓர் இயந்திர சைக்கிளில் ஏற்றி மூச்சு முட்டும்வரை மிதிக்க விட்டார். உடனே இரண்டு கால்களிலும் இரத்த அழுத்தம் பார்த்தார். இடது இடுப்புக்குள் காலுக்குப் போகும் இரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறதாம். குனிந்தபடியே லட்சக்கணக்கான தடவை மிதித்ததால் வருவது, சைக்கிள்காரர்களுக்கு வருகிற கோளாறுதான் என்றார். சாதாரணமாக ஓடும்போது தெரியாது. முழு வேகத்தில் போகும்போது மட்டும் காலுக்கு இரத்தம் போதாமல் மரத்துவிடும்.

ஆபரேஷன் செய்யலாம். செய்தால் நன்றாக நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் ஓட்டலாம்.

"பழைய வேகம்?" என்று கேட்டேன்.

"அத நான் சொல்ல முடியாது" என்றார். நல்ல மனிதர். முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

காடியில் வரும்போது பரிமளாவிடம் சொன்னேன், சீசன் முடியும்வரை இது யாருக்கும் தெரிய வேண்டாம் என்று. அவள் தலையாட்டினாள். வழியில் யாழினிக்குப் பள்ளிக் காலணி வாங்கினோம். பழையது கடிக்கிறதாம்.

ஆகஸ்ட் 28

சூசை சார் தம் காடியில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். கம்பாரில் மீன்தலைக் கறி நன்றாக இருக்கும், வா என்றார். அவ்வளவு தூரம் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பாதி வழியில்தான் பேசினார்.

"பெல்ஜியத்துக்காரன் கூப்பிட்டான், நேசா. அவனுக்கு சீலன் மட்டும் போதுமாம். முன்னால ஓடறதுக்கு அவங்ககிட்ட ஆளுங்க இருக்காங்களாம். சீலன் கேக்க மாட்டேங்கறான். ரெண்டு பேர், இல்லன்னா இல்லேங்கறான்."

"ம்."

"அடுத்த வாரம் வரைக்கும் பாப்பாங்க. அதுக்கப்புறம் கொலம்பியாக்காரப் பையன் ஒருத்தன் இருக்கான், அவனை எடுத்துக்குவாங்க." முன்னால் போன லோரியைத் தாண்டினார். "நான் ஒன்னைய எதுவும் செய்யச் சொல்லல."

"தெரியும் சார்."

கறி நன்றாகத்தான் இருந்தது. மீனின் கன்னத்துச் சதையை எடுத்து என் தட்டில் வைத்தார். எட்டு ஆண்டில் அவர் எனக்கு எதையும் பரிமாறியதில்லை.

ஆகஸ்ட் 29

ஓய்வு நாள். ஜெர்சிகளைத் துவைத்துக் காயப்போட்டேன். வெயிலில் சாயம் போகாமல் இருக்க உள்புறத்தைத் திருப்பிப் போட்டேன். இந்த ஜெர்சிக்கு இன்னும் ஒரே ஒரு பந்தயம்தான். சாயம் போனால் என்ன?

ஆகஸ்ட் 31

சுதந்திர நாள். நெடுஞ்சாலையில் கொடி கட்டிய காடிகள். தாப்பா ஓய்வுப் பகுதியில் மிஸ்டர் வோங்கைச் சந்தித்தேன். மூவார் அணியின் நிர்வாகி. சோம்சாய் இருக்கிற அணி.

நான்தான் அவரை அழைத்தேன். அதை எழுதி வைக்கிறேன். யாரும் என்னைத் தேடி வரவில்லை.

கால் விஷயத்தை முதலிலேயே சொன்னேன். டாக்டர் சொன்னது முழுவதையும். வோங் கோப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்டார். பிறகு மலாயில் சொன்னார்: "கால் என்கிட்ட ஏழு ஜோடி இருக்கு. பந்தயத்துக்குள்ள இருந்துக்கிட்டு எப்ப போவணும், எப்ப நிக்கணும்னு சொல்றதுக்கு ஒரு தலை இல்ல. நீ ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வா. ஏப்ரலுக்கு வந்தாக்கூடப் போதும்."

மூவார் நல்ல ஊர். ஆறு இருக்கிறது. தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பெல்ஜியக் குளிர் யாழினிக்கு ஒத்துக்கொள்ளாது, அவளுக்குச் சளித்தொல்லை வேறு. பரிமளாவுக்கும் வேலை மாற்றம் கேட்டு வாங்கலாம். எப்படிப் பார்த்தாலும் இதுதான் சரி. கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 2

பயிற்சி முடிந்து வழக்கமான மாமாக் கடையில் உட்கார்ந்தோம். சீலன் ரொட்டி சானாய்க்குச் சொன்னான். ரொட்டி வரும்வரை காத்திருந்தேன். வந்தபிறகு சொன்னேன்.

"நான் மூவாருக்குப் போறேன் சீலா. கையெழுத்துப் போட்டுட்டேன்."

சிரித்தான். விளையாட்டு என்று நினைத்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"மூவாருக்கா? சோம்சாய்க்கு முன்னால ஓடறதுக்கா?"

"அணிக்கு ஓடறதுக்கு."

"அவன் என்ன இடிச்சுத் தள்ளுனவன்ணே. நீங்கதான் என்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனீங்க."

"அது பந்தயத்துல நடந்தது. எனக்குக் குடும்பம் இருக்கு. பெல்ஜியம்லாம் எனக்குச் சரிப்பட்டு வராது. மூவார்னா பக்கம். யாழினி பள்ளிக்கூடம்…"

"இன்னிக்குக் காலைலகூட அவங்ககிட்ட ஒங்களுக்காகச் சண்ட போட்டேன்." குரல் ஏறியது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். "வர்றதுக்கு இஷ்டமில்லன்னு முன்னாலயே சொல்லியிருக்கலாமே. என்ன ஏன் கோமாளியாக்குன?"

எட்டு ஆண்டில் அவன் என்னை ஒருமையில் பேசியது இதுதான் முதல்முறை.

"ரொட்டி ஆறுது" என்றேன்.

அவன் எழுந்து போனான். நான் அவனுடைய ரொட்டியையும் சாப்பிட்டேன். வீணாக்குவானேன்?

செப்டம்பர் 4

சீலன் பெல்ஜியத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். சூசை சார் சொன்னார். நல்லது.

செப்டம்பர் 14, கோலத்திரங்கானு

இந்த அணியின் கடைசிப் பந்தயம். கிழக்குக் கரையோரமாக ஆறு நாள் ஓட்டம். ஹோட்டலில் எப்போதும் நானும் சீலனும் ஒரே அறை. இந்த முறை அவன் வேறு அறை கேட்டு வாங்கிக்கொண்டான். எனக்குத் தனி அறை. இரண்டாவது கட்டிலில் பையை வைத்தேன்.

இன்றைய கட்டத்தில் கடல் காற்று பக்கவாட்டில் அடித்தது. கூட்டம் நாலு துண்டானது. முடிவில் நான் சீலனுக்கு முன்னால் போய்க் காத்திருந்தேன். அவன் என் பின்னால் வரவில்லை. வேறு யாருடைய சக்கரத்தையோ பிடித்துக்கொண்டு போய், ஏழாவது வந்தான்.

சூசை சார் பேருந்தில் கத்தினார். "அடுத்த வருசம் எங்க வேணா போங்க! இந்த வாரம் ரெண்டு பேர் முதுகுலயும் என் அணி பேருதான் இருக்கு!"

சீலன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் காலுறையைக் கழற்றினேன்.

செப்டம்பர் 16

மற்ற பையன்கள் என்னோடு பேசுகிறார்கள், ஆனால் சீலன் வந்தால் நிறுத்திவிடுகிறார்கள். ஒருவன் நான் காதில் வாங்கவில்லை என்று நினைத்து, "துரோகி" என்றான். எந்த அணி கிடைக்கும் என்று தெரியாமல் தவிக்கிறவன் அவன். கோபம் வராதா?

பாங் ஹாலிம் மட்டும் எப்போதும்போல இருக்கிறார். என் சீட்டை அவராகவே சற்று முன்னால் தள்ளி, முனையைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தார். ஓடிப் பார்த்தேன். இடுப்பு அவ்வளவு மடங்கவில்லை. மரப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. நான் அவரிடம் எதுவும் சொன்னதில்லை.

செப்டம்பர் 18, குவாந்தான்

மாலை. அறைக் கதவு தட்டப்பட்டது. சீலன். பயிற்சிக் காற்சட்டையோடு, கைப்பேசியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நின்றான்.

"அண்ணி கூப்பிட்டாங்க" என்றான். "என் வீட்டுக்காரரத் துரோகின்னு சொல்றீங்களாமே, அவர் கால்ல ரத்தமே ஓடல, தெரியுமான்னு கேட்டாங்க."

பரிமளாவை நான் குறை சொல்ல மாட்டேன். பையன்கள் சொன்னதை அவளிடம் சொன்னது நான்தான்.

"சீசன் முடியட்டும்னு இருந்தேன்" என்றேன்.

"கோலகங்சார்ல நான் அவசரப்பட்டேன்னு நெனச்சு ஒரு வாரம் தூங்கலண்ணே. ஒங்க கால் நின்னுபோனதாலதான் நான் அங்கேருந்தே பாய வேண்டியதாச்சு. இல்ல?"

நான் கதவை அகலத் திறந்தேன். அவன் உள்ளே வந்து, என் பை இருந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"சூசை சார் ஒங்ககிட்ட என்னா சொன்னாரு?"

"மீன்கறி சாப்பிடக் கூட்டிட்டுப் போனாரு."

"நான் தனியாப் போனாப் போதும்னு நீங்களாவே முடிவு பண்ணிட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கால் விஷயம் வேற, மூவார் விஷயம் வேற. யாழினி பள்ளிக்கூடம்…"

"ஒங்களுக்குப் பொய் வராதுண்ணே. ஒரே பொய்ய ரெண்டு தடவ சொல்றீங்க."

பிறகு வேறு குரலில் சொன்னான்.

"எனக்குப் பயமா இருக்கு. அங்க யாரையும் தெரியாது. நான் ஜெயிச்சதெல்லாம் ஒங்க பின்னாலேருந்துதான். நீங்க இல்லாம எனக்கு ஓடத் தெரியுமான்னே எனக்குத் தெரியாது. அதுக்குத்தான் ஒங்களக் கூப்பிட்டேன். ஒங்களுக்கு நல்லது பண்ணனும்னு இல்ல."

எனக்கும் தெரியாது என்றுதான் சொல்ல முடியும். அதைச் சொல்லவில்லை. பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன். இரண்டை எடுத்துக்கொண்டான்.

"நாளைக்குக் கடைசி நாள்" என்றான் எழும்போது. "ஒங்க கால் எதுவரைக்கும் வரும்? உண்மையச் சொல்லுங்க."

"ரெண்டு கிலோமீட்டர்லேருந்து ஒரு கிலோமீட்டர் வரைக்கும். அதுக்கு மேல இல்ல."

"அப்ப அதுவரைக்கும் வாங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

செப்டம்பர் 19

ஒரு கிலோமீட்டர் பலகை வரை அவனை எல்லாருக்கும் முன்னால் கொண்டுபோய் விட்டேன். கால் அதற்கு முன்னாலேயே மரத்துவிட்டது. பலகையைத் தாண்டியதும் விலகினேன். முழுக்கூட்டமும் என்னைக் கடந்து போனது. நான் பாதையோரமாக மெல்ல மிதித்துக்கொண்டு வந்தேன். ஒலிபெருக்கியில் சோம்சாய் பெயர் கேட்டது. சீலன் நான்காவது.

தனியாக நான்காவது.

பேருந்தில் சூசை சார் எல்லாருக்கும் கைகொடுத்தார். பாங் ஹாலிம் சைக்கிள்களை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு உதவினேன்.

அக்டோபர் 3

ஆபரேஷன் முடிந்தது. வாய் உலர்ந்து கிடக்கிறது. பரிமளா பக்கத்தில் நாற்காலியிலேயே தூங்குகிறாள்.

நவம்பர் 11

சந்தைவரை நடந்து போய்வந்தேன். திரும்பும்போது டாக்சி எதுவும் கிடைக்காததால் நடந்தே வந்தேன். படுத்தேன். எழுந்திருக்க மனமில்லை.

டிசம்பர் 29

சீலன் நாளை விமானம் ஏறுகிறான். விடைபெற வந்தான். யாழினிக்குப் பனிக்குல்லா ஒன்று வாங்கி வந்திருந்தான். "நீ அங்க வரலன்னாலும் போட்டுக்க" என்றான். ஈப்போ வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அவள் வீடு முழுக்கத் திரிகிறாள்.

பழைய கோபம் அவனிடம் இல்லை. முழுக்கப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. கிளம்பும்போது என் இடது காலை ஒருமுறை பார்த்தான்.

மார்ச் 8, மூவார்

புது அணியோடு முதல் நீண்ட பயிற்சி. ஜெர்சி பச்சை. கண்ணாடியில் பார்த்தபோது யாரோ போல இருந்தது.

சோம்சாய் எனக்குச் சாயா வாங்கித் தந்தான். நல்ல பையன்தான். அதிகம் பேசமாட்டான். அம்மாவுக்குத் தினமும் வீடியோ அழைப்பு. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் இருந்திருந்தால் வேலை இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

கால் மரக்கவில்லை. வேகமும் இல்லை. பழைய வேகத்தில் பத்தில் எட்டுப் பங்கு என்கிறது கணினி. வோங் பார்த்துவிட்டு, "போதும்" என்றார்.

சீலன் பெல்ஜியத்தில் ஓடிய பந்தயங்களின் முடிவுகளைப் பார்த்தேன். நாற்பத்தொன்றாவது. முடிக்கவில்லை. அறுபதாவது. முடிக்கவில்லை. மழையில் எடுத்த ஒரு படத்தில் அவன் முகம் சேறாக இருந்தது. கைப்பேசியை எடுத்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 20, ஜொகூர் பாரு

தீபகற்பச் சுற்று நாளை தொடங்குகிறது. பெல்ஜிய அணி வந்திருக்கிறது. சீலனும்தான். ஹோட்டல் உணவுக்கூடத்தில் தூரத்திலிருந்து பார்த்தோம். அவன் மெலிந்திருக்கிறான். கையை உயர்த்தினான். நானும் உயர்த்தினேன். இரண்டு அணிகளுக்கும் வேறு வேறு மேசை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் அணிக்கூட்டம். நாளைக்குத் தட்டையான பாதை, ஸ்பிரிண்டில் முடியும். வோங் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சத்தியசீலன். அவன் எப்படி ஜெயிப்பான்? இது ஒனக்குத்தான் தெரியும்."

ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இந்தக் கேள்வி வரும் என்று தாப்பாவில் கையெழுத்துப் போட்டபோதே தெரிந்திருக்க வேண்டும். தலையை வாங்குகிறேன் என்று அவர் சொன்னார். தலைக்குள் என்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை.

சோம்சாய் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் ஓடும் பையனுக்கு இது முதல் ஆண்டு. மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். இந்த அணியும் நிலைத்து நிற்க ஒரு வெற்றி தேவை.

சொன்னேன். எப்போதும் இடப்பக்கமாகத்தான் வெளியே வருவான். பாய்வதற்கு முன்னால் ஒருமுறை தாடையைத் தாழ்த்துவான். அது தெரிந்ததும் இடப்பக்கத்தை அடைத்துவிட்டால், அவனுக்குப் போக வழி இருக்காது. வலப்பக்கம் வரப் பயப்படுவான். தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன்.

"நன்றி" என்றார் வோங்.

சாப்பாட்டில் எனக்கு ருசி தெரியவில்லை.

ஏப்ரல் 21

ஒரு கிலோமீட்டர் பலகை வரை எங்கள் ஆட்களை வரிசையாகக் கொண்டுவந்தேன். அதோடு என் கால் முடிந்தது. விலகாமல் கூட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். அதனால்தான் பார்க்க முடிந்தது.

எங்கள் மூன்று பேர் நான் சொன்னபடியே இடப்பக்கத்தை அடைத்தார்கள். சீலன் அவர்களுக்குப் பின்னால் மாட்டியிருந்தான். பின்னாலிருந்து அவன் தலை ஒருமுறை தாழ்வது தெரிந்தது. முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நொடி அவன் வலப்பக்கம் சாய்ந்தான். தடுப்புக்கும் சோம்சாய்க்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடம்கூட இல்லை. அதில் நுழைந்தான். கோட்டைத் தாண்டும்போது சோம்சாய்க்கு ஒரு சைக்கிள் நீளம் முன்னால் இருந்தான்.

கோட்டுக்கு அப்பால் நிழலில் நின்றுகொண்டிருந்தேன். அவனாகவே என்னிடம் வந்தான். முகமெல்லாம் உப்பு.

"இடப்பக்கம்னு சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன்."

"நெனச்சேன். மூணு பேரும் செவுரு மாதிரி நின்னானுங்க." தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். "அங்க எவனும் வழி விடமாட்டான்ணே. பழைய மாதிரி ஒரே பக்கம் பாத்துக்கிட்டு இருந்தா வீட்டுக்கு அனுப்பிருவானுங்க. மூணு மாசம் அடிபட்டு அடிபட்டுத்தான் வந்துச்சு."

"முடிவெல்லாம் பாத்தேன்."

"பாத்தும் ஒரு வார்த்த எழுதல."

"என்னான்னு எழுதறது?"

"பாத்தேன்னாவது எழுதியிருக்கலாம்" என்றான். பிறகு, "கால்?"

"இருக்கு. ஒரு கிலோமீட்டர் பலகை வரைக்கும்."

சிரித்தான். பரிசு மேடைக்கு அவனைக் கூப்பிட்டார்கள். இரண்டடி போய்த் திரும்பினான். "நாளைக்கு எப்படி வருவேன்னு கண்டுபுடிங்க பாப்போம்."

"கண்டுபுடிக்கத்தான் சம்பளம் தர்றாங்க" என்றேன்.

வோங் கோபப்படவில்லை. நான் சொன்னது பழைய சீலன் என்று அவருக்கும் புரிந்திருந்தது. இன்றைக்குப் பார்த்ததை வைத்து நாளைக்கு யோசிப்போம் என்றார். சோம்சாய் ஐஸ் வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறான்.

உடம்பு அடித்துப் போட்டதுபோல இருக்கிறது. பரிமளாவுக்கு இன்னும் அழைக்கவில்லை. ஆனால் ஒன்றை எழுதிவிட வேண்டும். எட்டு ஆண்டு அவன் ஒவ்வொரு வெற்றியிலும் நான் அங்கேதான் இருந்தேன், தலையைக் குனிந்துகொண்டு, அவனுக்கு முன்னால். அவன் பாய்ந்து முடித்த பிறகுதான் நிமிர்வேன். பிறகு காணொளியில் பார்ப்பேன். இன்றைக்குத்தான் முதன்முதலாக அவன் பாய்வதைப் பின்னாலிருந்து என் கண்ணால் பார்த்தேன்.

என்ன அழகாக ஓடுகிறான்.